ஒரு மடக்குத் தட்டி வாங்கி நான் பட்ட பாடு

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு பழைய பிரெஞ்சு மடக்குத் தட்டி வாங்கினேன். நான்கு மடிப்பு, செதுக்கு வேலை செய்த மரச்சட்டம், இரண்டு பக்கமும் பூப்போட்ட துணி. விலை 1,900 யூரோ. அன்றிலிருந்து இந்த மே மாதம் வரை அந்தத் தட்டியோடு அலைந்த அலைச்சலை நான் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. கணவருக்கு வேலை மார்செய்யில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். தோழிகளிடம் ஆரம்பித்தால் "ஒரு தட்டிக்கா இவ்வளவு?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பாரிஸ் பக்கம் இருக்கிற நம் குடும்பங்களில் பலர் இப்போது ஞாயிறு காலையில் பழஞ்சாமான் சந்தைக்குப் போய் நாற்காலி, நிலைக்கண்ணாடி, அலமாரி என்று வாங்கி வருகிறார்கள். வாங்குவதில் தப்பில்லை, எனக்கும் அந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்கள் வாங்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்ததில் பாதிக் காரணம் அதுதான். புதுச்சேரியில் தாத்தா வீட்டுக் கூடத்தில் இப்படி ஒரு தட்டி இருந்தது. வாசலில் நிற்பவருக்குச் சாப்பாட்டு இடம் தெரியாமல் மறைப்பதற்காக வைத்தது. பாட்டி அதைப் 'பராவான்' என்றுதான் சொல்வார். காற்றைத் தடுப்பது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். குளிர்கால அறைகளில் கதவிடுக்கு வழியாக வரும் காற்று உட்கார்ந்திருப்பவர் மேல் படாமல் இருக்கத்தான் பிரெஞ்சு வீடுகளில் அது வந்தது. எங்கள் கூடத்தில் காற்று வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தோம், அது வேறு விஷயம். பங்கு பிரித்தபோது வீட்டோடு அதுவும் போய்விட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வண்டியில் ஏற்றும்போது அதன் ஒரு கீல் பிடுங்கிக்கொண்டு தொங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

போன வருஷம் அம்மா எங்களோடு வந்து தங்குவதாக முடிவானது. எங்களுடையது இரண்டு அறை வீடு. ஒன்றில் நானும் மூன்று வயது மகனும். அம்மா கூடத்தில்தான் படுக்க வேண்டும். கூடத்திலிருந்து சமையலறைக்கு வழி. பெரிய மனுஷி படுத்திருக்கும்போது குறுக்கே போய்வருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மறைப்பு வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். புதிதாகச் செய்து விற்கிற மடக்குத் திரை 80 யூரோவுக்குக் கிடைக்கிறது. அம்மாவுக்கு அதுவே போதும் என்றிருப்பார். நான்தான் சந்தையில் ஒரு கடையின் பின்மூலையில் அதைப் பார்த்தேன். வெளிர் சாம்பல் வண்ணம், சட்டத்தின் நெடுக குடைந்த வரிகள், ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் ரிப்பன் முடிச்சு, துணியில் கோடும் பூங்கொத்தும் மாறி மாறி. கிட்டப் போய்த் தொட்டவுடன் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அந்த நிமிஷத்திலேயே விலை பேசுகிற பலம் என் கையை விட்டுப் போய்விட்டது.

அவர் 2,400 கேட்டார். "பதினெட்டாம் நூற்றாண்டு, மதாம். லூயி பதினாறு. இந்த நிலைமையில் இன்னொன்று கிடைக்காது" என்றார். பிரான்ஸை ஆண்ட பதினாறாம் லூயி ராஜா காலத்துப் பொருள் என்று அர்த்தம். நான் சுற்றிச் சுற்றி முன்பக்கத்தைத்தான் பார்த்தேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை, கீழ்ச்சட்டத்தைக் குனிந்து பார்க்கவில்லை, துணி எப்படி அடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. 1,900க்கு முடிந்தது. ரொக்கமாகத் தந்தால் 1,800 என்றார். நல்லவேளை நான் கார்டில் கட்டினேன். இங்கே குடியிருப்பவர் ஒரு வியாபாரியிடம் 1,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதே சட்டப்படி கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு என் பக்கம் பேச மிஞ்சிய சில ஆதாரங்களில் அந்தக் கார்டு ரசீதும் ஒன்று.

வீட்டுக்கு வந்து பில்லை மடித்து டிராயரில் போட்டேன். அதில் எழுதியிருந்தது 'பராவான், ஸ்தீல் லூயி பதினாறு, மரம், துணி' என்று. ஸ்தீல் என்றால் பாணி. எப்போக் என்றால் காலம். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் என் பணம் விழுந்தது. 'எப்போக் லூயி பதினாறு' என்று எழுதினால் அந்த ராஜா ஆண்ட 1774க்கும் 1792க்கும் இடையில் செய்தது என்று விற்பவர் உறுதி சொல்கிறார். 'ஸ்தீல் லூயி பதினாறு' என்றால் அந்த மாதிரியில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். கடைக்காரர் வாயால் சொன்னது ஒன்று, கையால் எழுதியது இன்னொன்று. பழம்பொருள் விற்பனைக்கென்றே 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டால் பொருளின் தன்மை, எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழையது என்பதையெல்லாம் எழுதிய பில்லைக் கொடுத்தாக வேண்டும். பெயரை அடுத்து நேராக ஒரு காலத்தையோ நூற்றாண்டையோ குறிப்பிட்டால், அது அந்தக் காலத்தில் செய்த பொருள்தான் என்ற உறுதி அந்த எழுத்துக்கே உண்டு. ஏதாவது ஒரு பாகம் பிற்காலத்தில் மாற்றியதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இப்போது சொன்னதை அப்படியே பில்லில் எழுதித் தருவீர்களா?" அதற்கு அவர் முகம் மாறினால் விலையும் மாற வேண்டும், இல்லை நீங்கள் கிளம்பிவிட வேண்டும்.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பது பிறகு படித்தபோது புரிந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரமான பொம்பெயியை 1748இல் தோண்ட ஆரம்பித்த பிறகு ஐரோப்பாவுக்கே பழைய ரோமானிய, கிரேக்க வேலைப்பாடுகள் மேல் மோகம் பிறந்தது. அதுவரை வளைந்து நெளிந்திருந்த நாற்காலிக் கால்கள் நேராகின. கோயில் தூணில் இருப்பதுபோல நெடுக வரி குடைந்தார்கள். முத்துச்சரம், லாரல் இலை, ரிப்பன் முடிச்சு, மூலையில் ஒரு சதுரத்துக்குள் பூ என்று அளவாகச் செதுக்கினார்கள். அந்த அழகு அந்த ராஜாவின் காலத்தோடு முடியவில்லை. பின்னால் பிரான்ஸை ஆண்ட மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு, அந்த லூயியின் ராணியான மரி அந்துவானெத் மேல் பெரிய பிரியம். 1850களிலிருந்து அதே பாணி திரும்பி வந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பட்டறை பட்டறையாகச் செய்தார்கள். இன்றைக்குச் சந்தையில் 'லூயி பதினாறு' என்று நிற்பவற்றில் நிறைய இந்த இரண்டாம் பிறப்பைச் சேர்ந்தவை. அவையும் நல்ல வேலைதான், நூறு வருஷத்துக்கு மேல் பழையவைதான். விலை மட்டும் ஒன்றாக இருக்க முடியாது.

தட்டி வீட்டுக்கு வந்தது. வண்டிக்கு 120 யூரோ. லிஃப்டில் நுழையவில்லை, நான்கு மாடி கையால் ஏற்றினார்கள். உயரம் 1.65 மீட்டர், ஒவ்வொரு மடிப்பும் 60 சென்டிமீட்டர். நான்கும் சேர்த்து 2.40 மீட்டர் மறைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மடக்குத் தட்டியை நேர்க்கோட்டில் விரித்தால் நிற்காது, விழுந்துவிடும். கோணல்மாணலாக மடித்து நிறுத்தினால்தான் நிற்கும். அப்படி நிறுத்தியதும் எனக்குக் கிடைத்த மறைப்பு இரண்டு மீட்டருக்கும் குறைவு, தரையில் அது பிடித்த அகலம் ஒரு முழத்துக்கு மேல். கடையிலேயே பாதி மடித்து நிறுத்தச் சொல்லி அளந்திருக்க வேண்டும். கீலையும் பாருங்கள். இரண்டு பக்கமும் மடங்குகிற கீலா, ஒரு பக்கம் மட்டும் மடங்குவதா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வீட்டு மூலையில் அது உட்காருமா என்பது தெரியும். பிள்ளை இருக்கிற வீட்டில் சுவரோடு ஒரு நாடா போட்டுக் கட்டிவிடுங்கள். என் மகன் முதல் நாளே அதன் பின்னால் ஒளிந்து தள்ளிப் பார்த்தான்.

ஏப்ரல் கடைசியில் அம்மாதான் முதலில் கவனித்தார். காலையில் கூட்டும்போது, "பாப்பா, இங்க வந்து பாரு, உளுத்த மாவு கொட்டியிருக்கு" என்றார். தட்டியின் காலடியில் இரண்டு இடத்தில், ஒரு சிட்டிகை உப்பு அளவுக்கு, சந்தன நிறத்தில் ஒரு குவியல். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவுபோல வழுக்கவில்லை, நரநரவென்று மணல்போல இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கீழ்ச்சட்டத்தின் உள்பக்கத்தில் குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள், ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். சில ஓட்டைகள் உள்ளே கறுத்து அழுக்கேறி இருந்தன. சிலவற்றின் விளிம்பு கூர்மையாக, உள்ளே புது மரம்போல வெளுத்திருந்தது. வெளுத்த ஓட்டை என்றால் வண்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. புழுவாக மரத்துக்குள் இரண்டு மூன்று வருஷம், சில நேரம் அதற்கு மேலும் தின்றுகொண்டே கிடந்து, வசந்தத்திலும் கோடையிலும் வண்டாக வெளியே வரும். பிப்ரவரியில் வாங்கியதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அதன் உள்நிறத்தையும் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய மரச்சாமான் இருந்தால் அதன் காலடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் மறுநாளே தெரிந்துவிடும்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. மருந்து உள்ளே இறங்க வேண்டுமானால் வண்ணத்தைச் சுரண்ட வேண்டும் என்று நானாக முடிவு செய்து, ஒரு சனிக்கிழமை கூடத்திலேயே பழைய போர்வையை விரித்துப்போட்டு உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு மடிப்பின் துணியைக் கிழித்து எடுத்துவிட்டேன். சாம்பல் வண்ணத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூச்சு, அதற்கும் கீழே பழுப்பேறிய பொன்வண்ணம். மூன்று மணி நேரம் தேய்த்தேன். பையன் அந்தப் போர்வை ஓரத்தில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் காரிலும் வெள்ளைப் பொடி. மாலையில் கீழ்வீட்டுப் பெண் ஏதோ கேட்க வந்தவர் வாசலிலேயே நின்று, "இது எந்தக் காலத்துப் பெயிண்ட்? காரீயம் இருக்குமே, சோதித்தீர்களா?" என்றார். பழைய கட்டடங்களில் வேலை செய்கிறவர் அவர். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

இந்த நாட்டில் 1949க்கு முன் கட்டிய வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ காரீயப் பூச்சு பற்றிய சோதனை அறிக்கை கட்டாயம். நாங்கள் குடிவந்தபோது எனக்கே அந்த அறிக்கையைக் கொடுத்தார்கள், நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சுவருக்கு அவ்வளவு கவனம். சந்தையில் வாங்குகிற நாற்காலிக்கோ தட்டிக்கோ தொட்டிலுக்கோ அப்படி யாரும் அறிக்கை தருவதில்லை. ஆனால் அந்தக் காலத்து வெள்ளையிலும் சாம்பலிலும் காரீயம் கலந்த வெள்ளை சாதாரணமாகச் சேர்க்கப்பட்ட பொருள். பூச்சு அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. தேய்த்துப் பொடியாக்கினால் அது தரையில் படிந்து, பிள்ளையின் கையிலேறி, கையிலிருந்து வாய்க்குப் போகிறது. வளரும் மூளையை அது பாதிக்கும். மறுநாள் வண்ணக்கடையில் ஒரு சோதனைக் குச்சி வாங்கித் தேய்த்த இடத்தில் வைத்தேன். நுனி சிவந்தது. அன்றிரவு பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் திட்டவில்லை, அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வீட்டில் துடைப்பம் போடக்கூடாது, சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது, அவை பொடியைக் கிளப்பிவிடும், ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்றார். போர்வையையும் அந்தச் சின்னக் காரையும் பையில் கட்டி எறிந்தேன். அம்மா நான்கு நாள் வாளியும் துணியுமாக ஜன்னல் திட்டு, கதவிடுக்கு, கட்டில் கால் என்று துடைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஒரு லிட்டர் ரத்தத்தில் 18 மைக்ரோகிராம் காரீயம். இங்கே 50ஐத் தொட்டால் பிள்ளைக்குக் காரீய நச்சு என்று சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 25 தாண்டினாலே கண்காணிப்பு. 18 என்பதைப் பார்த்துப் பரிசோதனைக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்ததில் இன்னும் குறைந்திருந்தது. நீங்கள் பழைய வண்ணம் பூசிய எதையும் வீட்டுக்குள் தேய்க்காதீர்கள், சூடான காற்று ஊதும் எந்திரத்தால் உருக்காதீர்கள். பிள்ளை எட்டும் உயரத்தில் உதிர்கிற வண்ணம் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம்.

வண்டுக்கு வருகிறேன். தட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு பழுதுபார்ப்புப் பட்டறைக்குக் கொடுத்தேன். அங்கே அதைக் காற்றுப்புகாத பைக்குள் அடைத்து, ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு மேல் வைத்தார்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் மூச்சடைத்துச் செத்துவிடும். மருந்து கிடையாது, வாசனை கிடையாது, வண்ணத்துக்கும் துணிக்கும் கெடுதல் இல்லை. செலவு 280 யூரோ. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இது உள்ளே இருப்பதைக் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது. இதை முதலிலேயே செய்திருந்தால் நான் உப்புத்தாளைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

அங்கிருந்து ஒரு தாப்பிசியேவிடம் போனேன். நாற்காலி, சோபா, தட்டிக்கெல்லாம் துணி கட்டுகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார். மேசைமேல் தட்டியைக் கவிழ்த்துப் போட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் எனக்குப் பாடமே எடுத்தார். துணியை ஸ்டேப்ளர் பின் வைத்து அடித்திருந்தது. அது போன நூற்றாண்டின் பழக்கம். துணியின் ஓரக்கரையை மடிப்பிலிருந்து இழுத்துக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வண்ணப் புள்ளிகள் வரிசையாக, ரோஸ், பச்சை, நீலம், பழுப்பு. அச்சடிக்கும்போது எந்தெந்த வண்ணம் போட்டார்கள் என்பதற்கான அடையாளம், இன்றைய ஆலைத் துணிகளில் இருப்பது. நான் தொட்டுக் கண் கலங்கிய துணிக்கு என் வயதுகூட ஆகியிருக்காது. சட்டத்தின் பின்பக்கத்தில் விளக்கு படும்போது பிறைபிறையாகக் கீறல்கள் தெரிந்தன. வட்ட ரம்பம் விட்ட தடம். கையால் அறுத்திருந்தால் தடம் நேராக, முன்பின் இடைவெளியோடு இருக்கும். மூலையை இறுக்கியது மரமுளை இல்லை, உருண்டையான கம்பி ஆணி, அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உச்சியில் இருந்த ரிப்பன் முடிச்சை நகத்தால் தட்டச் சொன்னார். மரம் 'டொக்' என்றது, முடிச்சு 'டப்' என்று மங்கலாகக் கேட்டது. செதுக்கியதே இல்லை, அச்சில் வார்த்த பசை மாவை ஒட்டியது. அடியில் இருந்த பொன்வண்ணமும் தங்கரேக் இல்லை, வெண்கலப் பொடி. அதனால்தான் பழுப்பேறியிருந்தது. உண்மையான தங்கரேக் தேய்ந்தால் அதன் கீழே பூசிய செம்மண் நிறம் தெரியும் என்றார். "1900ஐ ஒட்டிச் செய்தது. நேர்மையான வேலை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு இல்லை."

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் அவர் குறடால் கடைசி வரிசைப் பின்களைப் பிடுங்கும்போது ஒன்றைக் கண்டார். ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில் பழைய குட்டையாணிகள் சில விட்டுப்போயிருந்தன. ஒரு ஆணியின் தலைக்குக் கீழே, கட்டை விரல் நகத்தில் பாதி அளவுக்கு, நீலப் பட்டுத் துணுக்கு. வெளிச்சம் படாமல் இருந்ததால் மயில் கழுத்து நிறம் அப்படியே இருந்தது. தட்டி புதிதாக இருந்தபோது போட்ட துணி அதுவாகத்தான் இருக்கும் என்றார். ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் புதுச்சேரிக்காரி என்று தெரிந்ததும் அவர் பேச்சு துணிப் பக்கம் திரும்பியது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த வண்ணப் பருத்தித் துணிகளுக்கு இங்கே 'இந்தியேன்' என்று பெயர். அவை இங்கத்திய பட்டு, கம்பளி நெசவை அடித்துவிடும் என்று பயந்து 1686இல் பிரான்ஸ் அவற்றைத் தடை செய்தது. 1759இல் தடை நீங்கியது. அடுத்த வருஷமே வெர்சாய் பக்கத்தில் ழுயி என்ற ஊரில் ஓபெர்காம்ப் என்பவர் தன் துணி அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். லூயி பதினாறு காலத்து அறைகளின் சுவரிலும் கட்டிலிலும் தொங்கிய ழுயி துணிக்கு மூத்தது நம் கரையில் எழுதிய துணி. தாத்தா வீட்டுத் தட்டியில் பிரான்ஸைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது புதிது.

வீட்டுக்கு வந்து கடைக்காரரைக் கூப்பிட்டேன். "பில்லில் ஸ்தீல் என்றுதானே எழுதினேன்?" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. நகராட்சியில் கேட்டபோது கோன்சிலியாத்தர் ஒருவரிடம் அனுப்பினார்கள். நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட சமரசக்காரர், ஒரு பைசா செலவில்லை. 5,000 யூரோவுக்கு உட்பட்ட தகராறில் வழக்குப் போடும் முன் இந்த மாதிரி ஒரு முயற்சி செய்தே ஆக வேண்டும். அவரைச் சந்திக்க நாள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. அங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு குறுஞ்செய்தி. வண்டி வரும் நாளைப் பற்றிக் கடைக்காரர் அனுப்பியதில் 'உங்கள் 18ஆம் நூற்றாண்டு பராவான் தயார்' என்று இருந்தது. அவர் எழுதியது, அவர் எண்ணிலிருந்து. என்னைக் கைவிட்டதும் நான் செய்ததுதான்: ஒரு மடிப்பின் துணியைக் கிழித்து வண்ணத்தைத் தேய்த்திருந்தேன். "வாங்கியபடியே இப்போது திருப்பித் தர முடியுமா?" என்று கடைக்காரர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. 400 யூரோ திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார், நானும் கையெழுத்துப் போட்டேன். சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து பொருளைத் தொடாதீர்கள். முன், பின், கீழ் எல்லாவற்றையும் படம் எடுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், பிறகு கடிதம் எழுதுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சட்ட உதவி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் இருந்தது, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.

தட்டியை என்ன செய்வது? ஒரு ஏல நிறுவனத்தில் இலவச மதிப்பீட்டு நாளில் காட்டினேன். 400லிருந்து 500 வரை போகலாம் என்றார்கள். விற்க மனம் வரவில்லை. தாப்பிசியே அம்மையார் முழு வேலைக்கு 1,640 சொன்னார். எட்டு முகத்துக்கு அது நியாயமான கூலிதான், என்னிடம்தான் இல்லை. 210 கட்டி ஒரு சங்கத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து நானே துணி கட்டினேன். நான்கு மடிப்பு என்றால் துணி கட்ட எட்டு முகம் என்பதை யாரும் முதலில் நினைப்பதில்லை. 140 சென்டிமீட்டர் அகலத் துணியில் இரண்டு முகம் அக்கம்பக்கமாக வெட்டலாம், அதனால் எட்டு மீட்டர் போதுமானது. மீட்டர் 24 வீதம் 192. பெரிய பூ, கோடு போட்ட துணி என்றால் வடிவம் பொருந்துவதற்காக இன்னும் கூட வேண்டியிருக்கும். நான் வெற்று லினன் எடுத்தேன். ஆணியை மறைக்க ஓரத்தில் ஒட்டும் பட்டைநாடாதான் எதிர்பாராத செலவு. ஒரு முகத்துக்கு நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எட்டு முகத்துக்கு முப்பத்தொன்று, அதற்கு 124. வண்ணத்தை ஈரத்துணியால் துடைத்து, நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கை பூசி அடைத்துவிட்டேன், பட்டறையில், பையன் இல்லாதபோது. வாங்கியது, வண்டி, வண்டுச் செலவு, வகுப்பு, துணி, நாடா எல்லாம் சேர்த்து 2,826. திரும்பி வந்த 400 போக 2,426 யூரோ. ஜனவரிவரை எத்தனை சனிக்கிழமை போனது என்று எண்ணவில்லை.

வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டியதைப் பிறகு பார்த்தேன். மோன்சோ தெருவில் நிசிம் தெ கமோந்தோ அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டு மரச்சாமான்களையே தேடித்தேடிச் சேர்த்த மொயீஸ் தெ கமோந்தோ, 1917 போரில் இறந்த தன் மகன் பெயரில் விட்டுப்போன வீடு. 1936இல் திறந்தது. அங்கே நாற்காலிகளின் செதுக்கில் ஒரு இலைபோல இன்னொரு இலை இல்லை, ஒவ்வொன்றிலும் உளி கொஞ்சம் விலகியிருக்கிறது. என் தட்டியின் நான்கு முடிச்சும் ஒரே அச்சு. இந்த வித்தியாசம் கண்ணில் பதிய ஒரு மத்தியானம் போதும். போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மடிப்பின் பின்பக்கத்தில் மட்டும் துணியைக் கீழ்ச்சட்டம் வரை ஆணி அடிக்காமல் நாடா வைத்துக் கட்டியிருக்கிறேன், அவிழ்த்து மரத்தைப் பார்ப்பதற்காக. நீலப் பட்டுத் துணுக்கு இருக்கும் உறையை அந்த இடத்திலேயே குத்தி வைத்திருக்கிறேன். அம்மா தட்டிக்குப் பின்னால் படுக்கிறார், அவருடைய சின்ன விளக்கு லினனில் மஞ்சளாகத் தெரியும்போது பையன் அவர் பக்கம் ஓடிவிடுகிறான். இந்த மே மாதமும் நான்கு காலடியிலும் கறுப்புத் தாள் விரித்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அம்மா குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்கிறார். இன்றோடு பத்தொன்பது நாள்.